கூரத்து வழியில் ஊர்த் தானியக் கொடை
ஐப்பசி, கார்த்திகைப் பசிக்குப் பங்குனியிலேயே சேமிப்போம்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் சிறிய ஊர்தான். ஆனால் வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, ஊரில் ஏரி வெட்டி, பாலாற்றிலிருந்து கால்வாய் மூலம் நீர் கொண்டு வந்ததைச் சொல்கிறது. அந்த நீரில் விளைந்த நெல்லை வாரி வழங்கியவராக வைணவ நூல்கள் போற்றுபவர், 11ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த கூரத்தாழ்வான். பெரும் நிலக்கிழாரான அவர் நாள் முழுவதும் வந்தவர்க்கெல்லாம் உணவளித்தார் என்றும், இரவில் அவர் வீட்டுக் கதவு அடைபடும் ஓசை காஞ்சிக் கோயில் வரை கேட்டது என்றும் கூறுவர்.

இந்த வரலாற்றின் பிற்பகுதியைப் பலர் நினைவில் கொள்வதில்லை. செல்வம் அனைத்தையும் துறந்து திருவரங்கம் சென்ற அவர், அங்கே நாள்தோறும் பெற்ற அரிசியிலேயே வாழ்ந்தார். ஒரு நாள் விடாமழை. வெளியே செல்ல இயலாமல் அவரும் அவர் மனைவி ஆண்டாளம்மாளும் பட்டினி கிடந்தனர். கோயிலிலிருந்து வந்த பிரசாதமே அன்று அவர்கள் பசியைத் தணித்தது என்பர். ஊருக்கே சோறிட்டவரும் ஒரு மழை நாளில் பசித்திருக்க நேரும். தானியக் கொடைத் திட்டம் தொடங்க விரும்பும் ஊரார் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

யாருக்கு, எப்போது தேவை?

நம் வட்டாரத்தில் பசி பெரும்பாலும் மழையோடு வருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நெசவாளர் தெருவில் பாவு நீட்ட முடியாது. தறிக் குழியில் நீர் ஊறும். சம்பாப் பயிர் வயலில் நிற்பதால் களையெடுப்பு முடிந்தபின் அறுவடை வரை விவசாயத் தொழிலாளர்க்கும் வேலை குறைவு. ஆக, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரு சாராருக்கும் ஒரே சமயத்தில் வருமானம் குறைகிறது.

2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் உள்ளன. எனவே அரிசியை மட்டும் குவித்துப் பயனில்லை. குறைவது பருப்பு, பயறு, எண்ணெய், காய்கறி ஆகியவையே. கடைக்கு நடந்து செல்ல முடியாத முதியவர்களுக்குச் சமைத்த உணவே தேவைப்படும். முதலில் வீடு வீடாகத் தேவையைக் கேட்டறிந்து, பின்னரே எதைத் திரட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

முன்னோடிகள்

உணவு வங்கி என்பது அமெரிக்காவில் 1967இல் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியது என்பர். அதற்குச் சரியாக நூறாண்டு முன்பே, 1867இல், வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிவிட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. விவசாயிகள் தரும் அரிசியும் காய்கறியும் அதற்குத் துணை நிற்கின்றன. காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டமும் எளிய வழியே. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பிடி 50 கிராம் என்று கொண்டால், 200 வீடுகளில் நாளொன்றுக்கு 10 கிலோ, மாதத்தில் 300 கிலோ சேரும்.

பருவம் பார்த்துத் திரட்டுக

சம்பா அறுவடைக்குப் பின் விதைத்த உளுந்து, பச்சைப்பயறு ஆகியவற்றைப் பங்குனி, சித்திரையில் களத்திலேயே கேட்டுப் பெறலாம். நிலக்கடலையும் நவரை நெல்லும் சித்திரையை ஒட்டி வரும். சொர்ணவாரி நெல்லை ஆவணியில் பெறலாம். கீரை, காய்கறிகளைச் சேமிக்க இயலாது. ஆகவே மழைக்காலத்தில் இன்ன கிழமையில் இன்ன தோட்டத்தார் தருவது என்று முன்கூட்டியே முறை வைத்துக்கொள்ளுதல் நலம்.

பெறக் கூடாதவை

விதைப்புக்கு மருந்து கலந்து மீந்த விதையை எக்காரணம் கொண்டும் உணவுக்கு ஏற்கக் கூடாது. கழுவினாலும் அது உணவாகாது. பூச்சிமருந்து தெளித்த காய்கறிகளை, மருந்துப் புட்டியில் குறித்த காத்திருப்பு நாள்கள் கழிந்தபின்னரே பறித்துத் தர வேண்டும். பூஞ்சாணம் பிடித்த, சுருங்கிய நிலக்கடலைப் பருப்பைப் பொறுக்கி நீக்குக. அதில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். காலாவதியான பொட்டலங்களும் வேண்டாம்.

சேமிப்பு முறை

1. நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்திற்கு மிகாமலும், பயறு வகைகளில் 10 சதவீத அளவிலும் இருக்க வேண்டும். பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடைவது நன்கு காய்ந்த பயறு.

2. முழுப்பயறில் வண்டு எளிதில் முட்டையிடும். பருப்பாக உடைத்துவிட்டால் இத்தொல்லை குறையும்.

3. சாக்குகளை வெயிலில் காயவைத்து, உதறிப் பயன்படுத்துக. மூட்டைகளை மரப்பலகை மீது, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குக.

4. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த துளைக்குழாய்ப் பூச்சிப்பொறியைத் தானியத்தில் செருகி வைத்தால், காற்றை நாடிவரும் வண்டுகள் துளை வழியே உள்ளே விழும். வாரம் ஒருமுறை பார்த்தால் தாக்குதலைத் தொடக்கத்திலேயே அறியலாம்.

5. முதலில் வந்த மூட்டை முதலில் வெளியேற வேண்டும். மூட்டை தோறும் தேதி எழுதித் தொங்கவிடுக.

கணக்கும் கண்ணியமும்

ஐவர் குழு அமைக்கலாம். அதில் நெசவாளர் ஒருவர், விவசாயத் தொழிலாளர் ஒருவர், பெண்கள் இருவராவது இருத்தல் வேண்டும். வரும் தானியத்தைக் கொடுத்தவர் முன்னிலையிலேயே எடைபோட்டு ஏட்டில் எழுதி, மாதந்தோறும் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் ஊர்ப் பலகையில் ஒட்டுக. கொடுத்தவர் பெயரை எழுதலாம். பெற்றவர் பெயரை எழுதக் கூடாது. வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கவும் வேண்டாம். மானத்துக்கு அஞ்சி ஒரு குடும்பம் வராமல் போனால், நாம் சேர்த்த தானியம் வண்டுக்குத்தான் இரையாகும். பையில் கட்டி வீட்டிலேயே சேர்ப்பிப்பது சிறந்தது. இந்த ஆண்டு வாங்கியவர் விரும்பினால் அடுத்த அறுவடையில் தம்மால் இயன்றதைத் தரட்டும், கட்டாயம் கூடாது.

வரும் பங்குனியில் களத்தில் பயறு தூற்றும்போது, வீட்டுக்கும் விதைக்கும் விற்பனைக்கும் என்று பிரிப்பதோடு, ஒரு மரக்கால் ஊருக்கென்றும் ஒதுக்குங்கள். கார்த்திகை மழையில் தறி நிற்கும் ஒரு வீட்டில் அது குழம்பாகக் கொதிக்கும்.