கவலை இறைத்த காலமும் கரண்ட் வரும் நேரமும்

பெரம்பலூர்ப் பக்கத்து வேப்பந்தட்டையில் உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. சராசரியாகப் பன்னிரண்டே கால் ஆகிவிடும். நாட்டின் பொது நேரத்துக்கு அளவாக இருக்கும் 82½ பாகைத் தீர்க்கரேகை உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் பக்கம் போகிறது. நம் ஊர் அதற்கு மேற்கே நான்கு பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில். சூரியன் ஒரு பாகை கடக்க நாலு நிமிஷம். 1906 ஜனவரி 1-ஆம் தேதி இந்தப் பொது நேரம் வருமுன் சென்னை வானாய்வகம் கணித்த ‘மெட்ராஸ் டைம்’ ஓடியது. அது இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிஷம் பின்னால். ரயில்களுக்கு இந்த ஒன்பது நிமிஷம் பெரிய மாற்றம். இன்றுவரை ரயிலே எட்டிப்பார்க்காத பெரம்பலூர்ப் பக்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

அன்று சாமக்கோழி கூவும்போதே மாட்டைப் பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கப் போனார்கள். வெயில் ஏறுவதற்குள் மாட்டை அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நுரை தள்ளிவிடும். பொழுது பச்சைமலைக்குப் பின்னால் இறங்கினால் வேலை முடிந்தது. திருச்சி வானொலி 1939-இல் தொடங்கிய பிறகுதான் மணி சொல்ல வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஆண்டு முழுக்கப் பார்த்தாலும் இங்கே பகல் பெரிதாக நீளுவதுமில்லை, சுருங்குவதுமில்லை. ஜூனில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம், டிசம்பரில் பதினொன்றரை. லண்டனில் பதினாறரைக்கும் எட்டுக்கும் இடையே ஊசலாடுவதால் அவர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். நாமும் ஒருமுறை தள்ளினோம்: உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை. அந்தக் கணக்கில் தை மாத நடுவில் இங்கே சூரியன் உதிக்க ஏழரை தாண்டியிருக்கும். கவலை மாட்டுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

தையைச் சொல்லக் காரணம் உண்டு. மார்கழிதான் தாமதமாக விடிகிற மாதம் என்று நினைப்பு. பகல் நீளத் தொடங்கிய பிறகும் உதயம் தள்ளிக்கொண்டே போய், ஜனவரிக் கடைசியில் 6.35-ஐத் தாண்டும். நம் தினசரி காலண்டரோ வருஷம் முழுக்க ஆறு மணிக்கே விடிவதாக வைத்துக்கொண்டு, திங்கள் ராகுகாலத்தை ஏழரைக்கே போட்டுவிடுகிறது!

பகல் நீளத்தில் உள்ள இந்தச் சின்ன வித்தியாசத்தைக்கூடப் பயிர் கண்டுகொள்ளும். பழைய நாட்டுச் சோள ரகங்கள் பல, பகல் குறுகுவதைப் பார்த்துத்தான் கதிர் தள்ளின. மழை முந்தி விதைப்பு முந்தினாலும், பிந்தினாலும், கதிர் வருவது ஏறத்தாழ ஒரே பருவத்தில். மானாவாரிக் கரிசலுக்கு அது பெரிய பாதுகாப்பு. அந்த நிலத்தில் இன்று பருத்தியும் மக்காச்சோளமும். வீரிய விதைக்கு விதைத்த தேதிதான் கணக்கு. நாளை எண்ணி அறுக்கலாம்.

மனிதர்களுடைய மணியையும் வேறு யாரோ வைக்கிறார்கள். துபாயில் இருக்கும் மகன் ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூரில் இருப்பவன் இரண்டரை மணி முன்னால். ஒருவன் கூப்பிடும்போது அம்மா படுத்திருப்பாள், மற்றவன் கூப்பிடும்போது அவனே படுக்கப் போவான். நூறு நாள் வேலைக்குப் போன பெண்களுக்கு 2023 ஜனவரி முதல் செல்போன் செயலியில் நாளுக்கு இரண்டு போட்டோ கட்டாயமானது. வெயிலுக்கு முன்பே வேலையை முடித்தாலும் இரண்டாவது போட்டோவுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கடிகாரம் மின்கம்பத்தில் இருக்கிறது. 1990-இல் பம்புசெட்டுக்குக் கட்டணம் போனது. நேரம் மட்டும் விவசாயி கைக்கு வரவில்லை. மும்முனை மின்சாரம் முறை வைத்து வருகிறது. ராத்திரி முறை என்றால் வெங்காய வயலுக்கு டார்ச்சோடு ராத்திரியில்தான் போக வேண்டும். செல்போனில் மோட்டார் போடும் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மடை திருப்ப ஆள் போகாமல் முடியாது. வரப்பில் பாம்பும் இருக்கும்.

நாட்டுக்கு இரண்டு நேர மண்டலம் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. சீக்கிரம் விடியும் அசாமுக்கு அது நியாயமான கோரிக்கை. வேப்பந்தட்டைக்குக் கடிகாரத்தை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. சூரிய மின்சாரம் அதிகம் உற்பத்தியாவது பகலில்தானே? பம்புசெட்டுக்கு உரிய மும்முனை மின்சாரத்தையும் பகலிலேயே கொடுத்துவிடுங்கள்.