முப்பது நொடியும் ஒரு தாயின் நெஞ்சுறுதியும்

காஞ்சிபுரத்திற்கு அருகே திருமுக்கூடல் என்றோர் ஊர் உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கலக்கும் இடம் என்பதால் வந்த பெயர் அது. கலந்த பின்னர் எது எந்த ஆற்றின் நீர் என்று எவராலும் பிரித்துரைக்க இயலாது. மனித வாழ்விலும் இத்தகைய கூடல்கள் உண்டு. கற்ற கலை, வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த தொழில், குடும்பத்தின் நினைவு ஆகிய மூன்றும் ஒருவரிடத்தில் கூடிவிடுமானால், அவருடைய சாதனைக்கு எது காரணம் என்று பிரித்துக் காட்டுவது அரிது.

அன்பு வாசகர்களே! ஏ.ஆர். ரஹ்மானைத் திரைப்பட இசையமைப்பாளராக நீங்கள் அறிவீர்கள். 2009ஆம் ஆண்டு இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்று, அந்த மேடையிலேயே ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று தமிழில் மொழிந்தவர் என்பதும் நீங்கள் அறிந்ததே. ஆனால் அவர் திரைக்கு வருவதற்கு முன்பு, கைக்கடிகாரத்திற்கும் காப்பித்தூளுக்கும் விளம்பர இசை அமைத்துப் பிழைத்த ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளையும், அவற்றுக்குப் பின்னே நின்ற ஒரு தாயையும் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

தந்தை விட்டுச் சென்றவை

ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரையுலகில் மதிக்கப்பெற்ற இசைக் கலைஞர். 1964இல் வெளிவந்த ‘பழசிராஜா’ படத்தின் மூலம் இசையமைப்பாளராக அறிமுகமானவர். பிற இசையமைப்பாளர்களின் மெட்டுகளுக்கு இசைக்கோவை அமைத்துத் தருவதிலும், வாத்தியக் குழுவை நடத்துவதிலும் தம் காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டார். ஓய்வறியாத அந்த உழைப்பாளி 1976இல் நோயுற்று மறைந்தபோது, திலீப்குமார் என்னும் பெயரோடிருந்த மகனுக்கு வயது ஒன்பது. உடன்பிறந்த பெண்மக்கள் மூவர்.

நிலமோ வீடுகளோ அல்ல, இசைக்கருவிகளே அவர் விட்டுச் சென்ற சொத்து. அவற்றை வாடகைக்கு விட்டு வந்த பணத்தில்தான் அடுப்பு எரிந்தது. ‘இவற்றை விற்றுவிடுங்கள். பணத்தை வங்கியில் போட்டால் வட்டியில் காலம் தள்ளலாம்’ என்று தாயாரிடம் யோசனை கூறியவர்கள் உண்டு. அவர் இசையவில்லை. ‘என் மகன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான்’ என்பதே அவர் அளித்த மறுமொழி என்று ரஹ்மான் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மகனுக்கோ விவரம் அறியாத வயது. நாளைக்கு அவன் இசையில் தேர்வான் என்பதற்கு யாதொரு உத்தரவாதமும் இல்லை. கையில் கிடைக்கும் பணத்தை வேண்டாமென்று ஒதுக்கி, இறந்துபோன கணவரின் கருவிகளைக் காத்து நின்றார் ஒரு கைம்பெண். அன்று அவை விலை போயிருந்தால், பிற்கால வரலாறு எப்படித் திரும்பியிருக்குமோ!

சிறுவன் பதினோரு வயதளவிலேயே கீபோர்டு வாசிக்கத் தொடங்கினான். இளையராஜா, ரமேஷ் நாயுடு போன்றோரின் குழுக்களில் வாசித்துப் பொருள் ஈட்டினான். பள்ளியும் பணியும் ஒன்றோடொன்று மோதியபோது, படிப்பை நிறுத்திவிட்டு இசையையே தொழிலாகக் கொள்ளுமாறு சொன்னவரும் அந்தத் தாயாரே.

விளம்பரம் என்னும் பள்ளிக்கூடம்

நம் நாட்டு வானொலியில் விவிதபாரதி 1967ஆம் ஆண்டு வணிக விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. ரஹ்மான் பிறந்ததும் அதே ஆண்டுதான். தூர்தர்ஷன் 1976இல் விளம்பரங்களுக்கு இடமளித்தது. அவர் தந்தையை இழந்த ஆண்டு அது. எண்பதுகளில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி வந்தபோது, ‘ஜிங்கிள்’ எனப்படும் விளம்பரப் பாட்டுக்குப் பெருந்தேவை எழுந்தது. 1987இல் ஆல்வின் கைக்கடிகார விளம்பரத்திற்கு இசையமைக்கும் வாய்ப்பு இருபது வயது இளைஞரைத் தேடி வந்தது. டைட்டன் கடிகாரத்திற்காக, ஐரோப்பிய மேதை மொசார்ட் 1773இல் இயற்றிய 25ஆம் சிம்பொனியின் இசையை அவர் கோவை செய்தளித்தது இந்தியா முழுவதும் பரவியது.

விளம்பர இசை என்றால் எளிதென்று எண்ணிவிடாதீர்கள். திரைப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும்; விளம்பரத்திற்குக் கிடைப்பதோ பத்து நொடி, இருபது நொடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். படச்சுருளில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். முப்பது நொடிக்கு 720 படங்கள்! கோப்பையில் காப்பி விழும் அந்தப் படத்தில் இசை சரியாகப் பொருந்த வேண்டும். பொருளின் பெயர் வரும்போது மெட்டு முடிய வேண்டும். கேட்டவர் மறுநாள் காலையில் தம்மை அறியாமல் அதை முணுமுணுக்கவும் வேண்டும். ஒரு சுரம் மிகுந்தாலும் இடமில்லை. சில நொடிகளுக்குள் ஓர் உணர்வை எழுப்பிவிட வேண்டும் என்ற அந்தக் கட்டாயமே தமக்கு ஒழுங்கையும் துல்லியத்தையும் கற்பித்ததாக ரஹ்மான் கூறியதுண்டு.

தன் கையால் உழைத்து உண்பதினும் சிறந்த உணவில்லை என்பது நபிமொழி. பெயர் வெளியில் தெரியாத அந்தப் பணியை அவர் சிறுமையாகக் கருதவில்லை. முப்பது நொடிக்கும் முழு உழைப்பைத் தந்தார்.

அடகுக்குச் சென்ற நகை

எண்பதுகளின் இறுதியில் அக்குடும்பம் இஸ்லாத்தைத் தழுவியது. திலீப் ரஹ்மானானார், தாயார் கரீமா பேகமானார். 1989இல் கோடம்பாக்கத்து இல்லத்தின் பின்புறம் ‘பஞ்சதன்’ ஒலிப்பதிவுக் கூடம் அமைந்தது. கூடம் என்றுதான் பெயர். குளிரூட்டியும் அலமாரியும் தரைவிரிப்பும் இருந்தன. கருவிகள் வாங்கப் பணமில்லை. தாயார் தம் நகைகளை அடகு வைக்கக் கழற்றிக் கொடுத்த பிறகே முதல் ஒலிப்பதிவுக் கருவி அந்த அறைக்குள் வந்தது. முன்பு கணவரின் கருவிகளை விற்க மறுத்த அதே கைகள், இப்போது மகனின் கருவிக்காகப் பொன்னை இழந்தன.

திரைக்கு வருமுன்பே அவர் இசையமைத்த ‘தீன் இசை மாலை’ என்னும் இஸ்லாமியப் பாடல் தொகுப்பு வெளிவந்தது. இசை குறித்து நம் இல்லங்களில் இருவேறு கருத்துகள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. நாகூர் ஹனிஃபாவின் குரலைக் கேட்டு நெகிழ்வோரும் உண்டு. வாத்தியம் வேண்டாமென ஒதுங்குவோரும் உண்டு. அவ்விவாதத்திற்குள் நாம் இங்குப் புகவில்லை. எக்கருத்துடையோருக்கும் இக்குடும்பத்தின் உறுதியில் ஒரு பாடம் இருக்கிறது.

விளம்பரப் படத் துறையைச் சேர்ந்தவரும், இயக்குநர் மணிரத்னத்தின் உறவினருமான சாரதா திரிலோக் மூலம் ரஹ்மானின் இசை அந்த இயக்குநரின் செவிக்கு எட்டியது. லியோ காப்பி விளம்பரத்தின் இசை அப்போது பலர் நாவிலும் இருந்தது. ‘ரோஜா’ படத்திற்கு அவருக்குப் பேசப்பட்ட ஊதியம் 25,000 ரூபாய். விளம்பரத் துறையில் மூன்றே நாட்களில் ஈட்டக்கூடிய தொகை அது! ஆயினும் ஒப்புக்கொண்டார். 1992இல் வெளிவந்த அந்தப் படம் அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

ஆஸ்கர் மேடையில் அவர், தம்மிடம் வேறொன்றும் இல்லாவிடினும் தாய் இருக்கிறார் என்ற பொருள்படும் புகழ்பெற்ற இந்தித் திரைப்பட வசனத்தை நினைவூட்டி, அரங்கில் அமர்ந்திருந்த தம் தாயாருக்கு நன்றி கூறினார். கரீமா பேகம் 2020 டிசம்பர் 28இல் இறையடி சேர்ந்தார்.

உங்கள் இல்லத்தில் என்ன இருக்கிறது?

ரஹ்மானின் குடும்பக் கதை நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர் புகழ் பெற்றதும், கேட்டவர்களிடம் சொன்னதும்தான். புகழ் பெறாத குடும்பங்களின் கதையை யார் கேட்பார்? ஒவ்வோர் இல்லத்திலும் நகையைக் கழற்றிக் கொடுத்த ஓர் உம்மா உண்டு. கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் சபர் சென்று, கடிதத்திலேயே குடும்பம் நடத்திய பாட்டனார் உண்டு. அவருடைய தகரப்பெட்டி பரணில் இருக்கலாம். தராசோ, தையல் இயந்திரமோ, தறியின் நாடாவோ மூலையில் கிடக்கலாம். பழைய இரும்புக்காரருக்கு அவற்றைப் போடும் முன் ஒருகணம் நிதானியுங்கள்.

திருமுக்கூடல் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று அங்கே நடந்ததையும், பணியாற்றியோர்க்கு அளிக்கப்பெற்ற ஊதியத்தையும் அது விவரிக்கிறது. அந்த மருத்துவமனை இன்றில்லை. எழுதி வைத்ததனால், தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகள் கடந்தும் நாம் அதை அறிகிறோம். நம் பாட்டனாரின் தகப்பனார் என்ன தொழில் செய்தார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்?

எனவே சகோதரிகளே, சகோதரர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டு முதியவர் அருகே பிள்ளைகளை உட்கார வையுங்கள். அவர் எந்த ஊரில் பிறந்தார், முதல் கூலி எவ்வளவு, எந்த ஆண்டு எந்தக் கஷ்டம் வந்தது, அதை எப்படிக் கடந்தார் என்று கேட்கச் சொல்லுங்கள். ஊர், ஆண்டு, பெயர் மூன்றையும் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.