அடுப்புக்கு மேலே தொங்கிய சிமாபூயே

2019இல் பிரான்சின் கொம்பியேன் நகரில் ஒரு மூதாட்டியின் வீட்டைக் காலி செய்தபோது, அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த சின்னப் பலகை ஓவியம் ஒன்று கண்ணில் பட்டது. ஏதோ பழைய சாமி படம் என்றுதான் வீட்டார் நினைத்திருந்தார்கள். அக்டோபரில் அது 2.4 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. வரைந்தவர் சிமாபூயே, 13ஆம் நூற்றாண்டின் ஃபிளாரன்ஸ் ஓவியர்.

1204இல் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடிய பிறகு, பைசாந்தியத் திருவுருவங்கள் இத்தாலிக்கு நிறையவே வந்து சேர்ந்தன. தங்கப் பின்னணி, நீண்ட மூக்கு, உடை மடிப்பெல்லாம் பொன் கோடுகள். அங்கே தெய்வீகம்தான் முக்கியம். சதையும் நிழலும் இரண்டாம்பட்சம். சிமாபூயே கற்றது இந்தப் பாணியைத்தான்.

வேலைப்பாடும் லேசுப்பட்டதல்ல. பாப்லர் மரப்பலகையில் துணி ஒட்டி, ஜிப்சமும் விலங்குப் பசையும் கலந்த வெள்ளைக் குழம்பைப் பல பூச்சு பூசி, வழவழப்பாகத் தேய்ப்பார்கள். தங்கம் வரும் இடத்தில் செம்மண் களிம்பு, அதன்மேல் தங்கத் தாள், பிறகு மெருகு. வண்ணப்பொடியை முட்டை மஞ்சள் கருவில் குழைப்பார்கள். அது சட்டென்று காய்ந்துவிடும்; தூரிகையால் இழுத்துக் கலக்க நேரமிருக்காது. அதனால் மயிரிழைக் கோடுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டே நிழலை வரவழைக்க வேண்டும். முகத்துக்கு முதலில் பச்சை மண், அதன்மேல் இளஞ்சிவப்பு. மேல்பூச்சு தேய்ந்த ஓவியங்களில் புனிதர்கள் பச்சை முகத்தோடு நிற்பது இதனால்தான்.

இந்த இலக்கணத்துக்குள் இருந்துகொண்டே சிமாபூயே உடலுக்கு எடை கொடுத்தார். ஃபிளாரன்ஸின் சாந்தா க்ரோச்சே தேவாலயத்துக்கு அவர் வரைந்த சிலுவை ஓவியத்தில் இயேசுவின் உடல் தொய்ந்து வளைகிறது. மெல்லிய இடைத்துணி வழியே தொடை தெரிகிறது. 1966 நவம்பரில் ஆர்னோ ஆற்று வெள்ளம் அதன் வண்ணத்தில் சுமார் 60 சதவீதத்தை அடித்துச் சென்றது. சீரமைத்தவர்கள் இழந்ததை ஊகித்து வரையவில்லை. அந்த இடங்களை மெல்லிய வண்ணக் கோடுகளால் மட்டும் நிரப்பினார்கள். என் கணக்கில் அதுதான் நேர்மை.

சமையலறை ஓவியத்தை அடையாளம் காட்டியதில் புழுக்களுக்கும் பங்குண்டு. பலகையை அவை அரித்த தடங்கள், லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள சிமாபூயேயின் இரு சிறு பலகைகளின் தடங்களோடு பொருந்தின. மூன்றும் ஒரே தொகுப்பிலிருந்து அறுத்தெடுத்தவை. பிரான்ஸ் சமையலறை ஓவியத்தைத் தேசியச் செல்வமாக அறிவித்து ஏற்றுமதியைத் தடுத்தது. 2023இல் லூவ்ர் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

ஃபிளாரன்ஸ் போக வாய்த்தால் உஃபீசி அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். சிமாபூயே, அவரையொட்டி வந்த இத்தாலிய ஓவியர்கள் டூச்சோ, ஜோட்டோ ஆகிய மூவரும் வரைந்த பெரிய மரியன்னை ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. எல்லோரும் ஜோட்டோவிடம்தான் ஓடுவார்கள்; நீங்கள் சிமாபூயேயிலிருந்து தொடங்குங்கள்.