கப்பல் கொண்டு வந்தது, கரை மாற்றியது: நம்ம கடற்கரைக் கிறிஸ்துமஸ் பற்றிச் சில குறிப்புகள்

டிசம்பர் பிறந்தால் வாட்ஸப்பில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "கிறிஸ்துமஸ் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பண்டிகை." எங்கள் தெருக் குழுவிலும் வந்தது. நான் கிறிஸ்தவன் இல்லை. வேலை மென்பொருள், வாரக் கடைசியில் பொழுதுபோக்கு இந்த வடசென்னைக் கரையின் பழைய கதைகளைத் தோண்டுவது. அந்த முறையில் இந்த வாக்கியத்தைப் பார்த்ததும் எனக்கு ரெண்டு கேள்விகள் வந்தன. எந்த வெள்ளைக்காரன்? எந்தத் தேதியில்?

ரெண்டாவது கேள்வி கிண்டல் மாதிரி இருக்கும். இல்லை. ஒரு காலத்தில் நம் கரையில் கிறிஸ்துமஸ் ஒரே நாளில் வரவில்லை. அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒரே கரை, ரெண்டு டிசம்பர் 25

சடையங்குப்பத்திலிருந்து வடக்கே போனால் எண்ணூர், காட்டுப்பள்ளி, அப்புறம் பழவேற்காடு. தெற்கே போனால் திருவொற்றியூர், ராயபுரம், ஜார்ஜ் கோட்டை, சாந்தோம். பழவேற்காட்டிலிருந்து கோட்டை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கோட்டையிலிருந்து சாந்தோம் இன்னும் 5, 6 கிலோமீட்டர். கதை நடப்பது இந்தச் சின்னத் துண்டுக்குள்தான்.

சாந்தோமில் இருந்தவர்கள் போர்த்துகீசியர்கள். பழவேற்காட்டுக்கும் முதலில் வந்த ஐரோப்பியர் அவர்களே; அங்குள்ள மகிமை மாதா ஆலயம் தன் தொடக்கத்தை 1515 என்று சொல்கிறது. பின்னால் டச்சுக்காரர்கள் வந்து 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். ஆங்கிலேயருக்கு மதராசில் இடம் கிடைத்தது 1639இல். அதாவது சென்னை என்கிற ஊர் கணக்கு தொடங்குவதற்கு 124 வருஷம் முன்பே பழவேற்காட்டில் மாதா கோயில் மணி அடித்திருக்கிறது.

இப்போ தேதிக்கு வருவோம். பழைய ஜூலியன் நாட்காட்டியில் வருஷத்துக்கு 365.25 நாள். பூமி அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை. வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நிமிஷம் குறைவு. அது சேர்ந்து சேர்ந்து 16ஆம் நூற்றாண்டில் 10 நாள் பிசகாகிவிட்டது. போப் 13ஆம் கிரிகோரி 1582இல் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்: அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. போர்ச்சுகல் உடனே ஏற்றுக்கொண்டது. டச்சுக் கம்பெனியை நடத்திய ஹாலந்து மாகாணம் அடுத்த சில மாதங்களிலேயே மாறியது. இங்கிலாந்து மட்டும் "போப் சொன்னால் நாங்கள் கேட்பதா" என்று 1752 வரை வீம்பு பிடித்தது.

விளைவு என்ன? 1650ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாந்தோமிலும் பழவேற்காட்டிலும் டிசம்பர் 25 வந்து, முடிந்து, பத்து நாள் கழித்து, அவர்கள் கணக்குப்படி ஜனவரி 4 அன்றுதான் ஜார்ஜ் கோட்டையில் டிசம்பர் 25. கத்தோலிக்கர்களின் மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6. ஆங்கிலேயர் கேக் வெட்டத் தயாராகும்போது 5 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்கள் பண்டிகைக் காலத்தையே மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். 1700க்குப் பிறகு இந்த இடைவெளி 11 நாளாயிற்று.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள கூத்து இல்லை. 1620 முதல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்களும் 1700 வரை பழைய நாட்காட்டிதான். அங்கிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி நாகப்பட்டினத்தில் புதிய நாட்காட்டி. இன்னொரு வேடிக்கை: பழவேற்காட்டுக் கோட்டைக்குப் பெயர் கொடுத்த கெல்டர்லாந்து மாகாணமே 1700 வரை புதிய நாட்காட்டிக்கு மாறவில்லை.

நம்பிக்கை இல்லையென்றால் லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். டெர்மினலில் 'கேல்' கட்டளையோடு 9, 1752 என்று ரெண்டு எண்ணையும் அடித்துப் பாருங்கள். செப்டம்பர் 2க்குப் பக்கத்தில் 14 நிற்கும். நடுவில் 11 நாள் காணாமல் போயிருக்கும். அது பிழை இல்லை. இங்கிலாந்து இறங்கி வந்த நாள் அது. 270 வருஷத்துக்கு முந்தைய வீம்பு இன்னும் நம் கணினிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

நம்மாட்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும்? அவர்கள் தை, மார்கழி கணக்கில் இருந்தவர்கள். நம் சூரிய மாதங்களும் ஆங்கிலத் தேதியை விட்டு மெல்ல நகர்பவை, ஏறத்தாழ 72 வருஷத்துக்கு ஒரு நாள். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் 1650 வாக்கில் தைப் பொங்கல் புதிய நாட்காட்டிப்படி ஜனவரி 9, 10இல் விழும். ஆக, மார்கழி நடுவில் ஒரு கிறிஸ்துமஸ். மார்கழி முடியப்போகும் நேரம், பொங்கலுக்கு ஐந்தாறு நாள் முன்னால் இன்னொன்று. கரையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவருக்கு 'வெள்ளைக்காரன் பண்டிகை' என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு கப்பல்காரனுக்கும் ஒவ்வொரு பண்டிகை இருந்தது.

வார்த்தைகள் எங்கே இறங்கின

தேதியைப் போலவே பெயரும் கப்பலில் வந்ததுதான். இலங்கைத் தமிழர்கள் கிறிஸ்துமஸை 'நத்தார்' என்பார்கள், கிறிஸ்துமஸ் தாத்தா அங்கே 'நத்தார் தாத்தா'. போர்த்துகீசிய மொழியில் கிறிஸ்துமஸுக்குப் பெயர் நத்தால். நம் பக்கம் ஆங்கிலப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் போர்த்துகீசியர் நம்மை விட்டுப் போகவில்லை. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, பாதிரி எல்லாம் அவர்கள் இறக்கிய சரக்குதான். வாடகை வீட்டுச் சாவியை வாங்கும்போது யாரும் "இது வெள்ளைக்காரன் வார்த்தை" என்று திருப்பிக் கொடுப்பதில்லை.

ராயபுரத்தின் பெயரிலேயே ஒரு கிறிஸ்தவப் பெயர் இருக்கிறது என்பார்கள். கத்தோலிக்கத் தமிழில் புனித பீட்டர், ராயப்பர். அங்கே இருக்கும் ராயப்பர் ஆலயத்தை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுப்பியவர்கள் கம்பெனிக்குப் படகு ஓட்டிய சமூகத்தார். துறைமுகம் வருவதற்கு முன்னால் மதராசில் கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கொண்டு வந்தவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. கவர்னரே வந்தாலும் கடைசி அரை மைல் நம்மாள் கையில்தான். அந்தக் கூலியில் சேர்ந்த காசில் எழுந்த கோயிலை 'விட்டுட்டுப் போனது' என்று எப்படிச் சொல்வது?

அடுப்பு இல்லாத ஊரில் கேக் எப்படி?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் பலகாரம் என்றால் பெரும்பாலும் சூளை அடுப்பில் சுடுவது. நம் வீடுகளில் சூளை அடுப்பு ஏது? வாணலியும் எண்ணெயும்தான். அதனால் பண்டிகை வாணலிக்கு மாறியது.

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் எண்ணூரிலும் டிசம்பர் மூன்றாம் வாரம் வீட்டுக்கு வீடு வாசனை வருமே, அது எண்ணெய் வாசனை. கல்கலா, டைமண்ட் கட், அச்சுமுறுக்கு. கல்கலாவுக்கு மாவை உருட்டிப் புதுச் சீப்பின் மேல் வைத்து அழுத்திச் சுருட்டுவார்கள்; வரி வரியாக விழும். அச்சுமுறுக்குக்கு இரும்பு அச்சை எண்ணெயில் சூடேற்றி, மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்கி, திரும்ப எண்ணெயில் வைக்கணும். முழுக்க முக்கினால் மாவு அச்சை மூடிக்கொள்ளும், கழன்று வராது. தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் சேர்ந்ததும் அது நம்மூர்ப் பலகாரமாகிவிடுகிறது.

இதே மாதிரி அச்சு நார்வேயிலும் ஸ்வீடனிலும் இருக்கிறது, ஈரானிலும் மெக்சிகோவிலும் இருக்கிறது. இலங்கையில் இதன் பெயர் கொக்கிஸ். டச்சு மொழியில் சின்னப் பலகாரத்துக்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அங்கே அதைச் சுடுவது முக்கியமாகச் சித்திரைப் புத்தாண்டுக்கு. பௌத்தர், இந்து எல்லார் வீட்டிலும். ஒரே அச்சு, ஒரு கரையில் கிறிஸ்துமஸ், எதிர்க்கரையில் வருஷப் பிறப்பு. பலகாரத்துக்கு மதம் எதுவும் நிரந்தரமாக ஒட்டவில்லை. யார் வாணலி வைக்கிறார்களோ அவர்கள் பண்டிகை.

கேக்குக்கும் இப்படி ஒரு கதை உண்டு. மேற்குக் கரையில் தலச்சேரி என்ற சின்னத் துறைமுக ஊர். 1883இல் ஒரு ஆங்கிலேயத் தோட்டக்காரர் இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் கொண்டு வந்து காட்ட, பேக்கரி வைத்திருந்த மாம்பள்ளி பாப்பு அதைப் பார்த்து ஒன்று செய்தார் என்பது அந்த ஊர் சொல்லும் வரலாறு. பிராந்திக்குப் பதில் முந்திரிப் பழத்திலும் வாழைப்பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தாராம். கப்பல் மாதிரியைத்தான் கொண்டு வந்தது. கேக்கைச் செய்தது கரை.

கரை என்பது மண் மட்டும் இல்லை

இதுவரை சொன்னதில் கப்பல்கள் போய்விட்டன, கரை நின்றது. ஆனால் கரை நிற்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

டிசம்பர் நம் கரைக்கு எளிதான மாதம் இல்லை. வடகிழக்குப் பருவமழையின் கடைசி, புயல் காலம். 2004இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. மறுநாள் காலையில் சுனாமி. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள். அதனால்தான் கரை ஊர்களில் 25ஆம் தேதி விளக்கு எரிகிறது, 26ஆம் தேதி கடலில் பூவும் பாலும் விழுகின்றன. பண்டிகையும் திதியும் அடுத்தடுத்த நாள். மதம் எதுவானாலும் அந்த ரெண்டு நாளும் குப்பத்தில் எல்லாருக்கும் பொது.

அப்புறம் 2023. அந்த வருஷத்தை இங்கே யாரும் மறக்க முடியாது. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலையும் புழல் உபரி நீரும் சேரும் பக்கம் எங்கள் ஊர். தண்ணீர் எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவியது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பு. அந்த நிலையிலேயே கிறிஸ்துமஸ் வந்தது. மறுநாள், 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னால், பெரியகுப்பம் கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாயில் கசிவு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பண்டிகை பற்றிய கட்டுரையில் குழாய் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கரை ஊர்ப் பண்டிகையின் பணம் கடலிலிருந்தும் கழிமுகத்திலிருந்தும் வருவது. நண்டும் இறாலும் கிடைத்தால்தான் புதுத்துணி, எண்ணெய், மாவு, நட்சத்திரத்துக்குப் பல்பு. முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தால் மீன் பிடிபட்டாலும் வாங்க ஆள் வராது. சாப்பாட்டுக்கே திண்டாட்டம் என்றால் அச்சை யார் வெளியே எடுப்பார்கள்? போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்து போயும் கலையாத பண்டிகையை, பிழைப்பு போனால் ஒரே தலைமுறையில் கலைத்துவிட முடியும். குப்பம் கலைந்து ஜனங்கள் உள்ளே தள்ளி அடுக்குமாடிக்குப் போனால் கிறிஸ்துமஸ் நின்றுவிடாது. மாலில் பெரிய மரம் வைப்பார்கள், பஞ்சுப் பனி தூவுவார்கள். அதைத்தான் நான் கப்பலில் வந்தது என்பேன். இன்னும் கரை இறங்காதது.

எங்கள் பக்கத்தில் நான் பார்த்த ஒரு குடிலைச் சொல்கிறேன். வைக்கோல் கூரை, மாடு, கழுதை, மேய்ப்பர் எல்லாம் வழக்கம்போல. ஓரமாக நீலத் துணி விரித்து ஒரு பொம்மை பைபர் போட், பக்கத்தில் சின்னதாகக் கொசுவலைத் துண்டில் ஒரு வலை. பெத்லகேம் கடற்கரையில் இல்லை என்று அந்தப் பையன்களுக்குத் தெரியும். பிள்ளை பிறந்தது நம் குப்பத்தில் என்று முடிவு பண்ணிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே தெருக் குழுவில் நான் போட்ட பதில் இது: தேதி ரோமிலிருந்து வந்தது, பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது, ராயபுரத்துக் கோயில் படகுக் கூலியில் எழுந்தது, பலகாரம் நம் வாணலியில் வெந்தது. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய அச்சு இருந்தால், அது யார் கையிலிருந்து வந்தது, எந்த ஊரில் வாங்கியது, அதில் சுடும் பலகாரத்தை அங்கே என்ன பெயரில் அழைத்தார்கள் என்று ஆயாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். கோட்டைக்காரர்கள் தங்கள் கணக்கைக் கட்டுக்கட்டாக எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். கரைக்காரர்கள் கணக்கு ஆயாக்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.