முடியாது என்று சொல்லும் கருவி

பக்கத்து வீட்டுப் பையன் பி.சி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறான். தமிழ் எழுத்துகளை எண்ணிப் பிரிக்கிற ஒரு சின்ன புராஜெக்ட். அதற்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு வேண்டும். முனையத்தைத் திறந்து 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்' என்று அடித்திருக்கிறான். ஏறவில்லை. 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று ஒரு பிழை, அதன்கீழ் ஒரு பத்தி அளவுக்கு ஆங்கிலம். ஆனையூரில் கூடல்நகர் போகிற பக்கம் உள்ள டீக்கடைப் பெஞ்சில் மடிக்கணினியை விரித்துவைத்து, "இது லினக்ஸோட கோளாறா, பைத்தானோட கோளாறா மாமா?" என்றான்.

ரெண்டும் இல்லை, கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது என்றேன். அவன் நம்பவில்லை. "நெட்ல ஒருத்தன் வழி போட்டிருக்கான். கடைசியில 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'னு சேர்த்து அடிச்சா ஏறிருமாம்."

"கணினியில இருக்கிற பேக்கேஜையெல்லாம் உடைச்சுக்கோன்னு அதோட பேரிலேயே எழுதியிருக்கேடா. டீயைக் குடி, சொல்றேன்."

எந்த மென்பொருளும் தனியாக ஓடுவதில்லை. படம் காட்டும் நிரலுக்குப் படக்கோப்பை விரிக்கிற நூலகம் வேண்டும். அந்த நூலகத்துக்குச் சுருக்கிய தரவைப் பிரிக்கிற இன்னொன்று வேண்டும். இப்படி ஒன்று மற்றொன்றை நம்பி நிற்பதைத்தான் டிபென்டன்சி என்கிறார்கள். நம் ஊர்க் காதுகுத்தை நினைத்துக்கொள்ளலாம். தாய்மாமன் இல்லாமல் காது குத்த முடியாது. தாய்மாமனை அழைத்தால் அத்தையும் பிள்ளைகளும் சேர்ந்து வருவார்கள். மைக்செட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் விசேஷம் நடக்கும். கோர்ட்டில் வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் பங்காளிகள் இருவரில் ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார். டெபியன் என்ற லினக்ஸில் ஒரு பேக்கேஜின் தலைப்பில் இதே நான்கு வகையும் எழுதப்படலாம்: டிபென்ட்ஸ், ரெக்கமெண்ட்ஸ், சஜெஸ்ட்ஸ், கான்ஃபிளிக்ட்ஸ். முதல் வகை கட்டாயம். இரண்டாவதைத் தடுக்காவிட்டால் கருவி தானாகச் சேர்த்துவிடும். மூன்றாவதைச் சொல்வதோடு சரி. நான்காவது இருந்தால் இரண்டில் ஒன்றுதான் உள்ளே இருக்கலாம்.

அவன் கையில் இருந்தது அவன் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினி. 2011-இல் தமிழ்நாடு அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக்கில் உருவானது அது, டெபியனை அடித்தளமாகக் கொண்டது. பல வீடுகளில் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, பாவம். திறந்தவர்களுக்கு ஆப்ட் என்ற கருவி அன்றைக்கே அறிமுகமாகிவிட்டது. இவன் இப்போது அதில் டெபியன் 12 போட்டிருக்கிறான். கருவி அதே ஆப்ட்தான்.

டெபியனை 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கினார். ஒரு பேக்கேஜை எடுத்துக் கணினியில் பொருத்துகிற டிபிகேஜி அதன் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. அது கண்டிப்பானது, ஆனால் உதவாது. இன்னது இல்லை என்று சொல்லிவிட்டு நின்றுகொள்ளும். தேடிக்கொண்டு வருவது உங்கள் பாடு. 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-இல் ஆப்ட் சேர்ந்தபிறகுதான் தேடுகிற வேலை கருவியின் தலைக்குப் போயிற்று. பேக்கேஜ்களைச் சேர்த்துவைத்திருக்கும் களஞ்சியங்களின் முகவரிப் பட்டியல் அதனிடம் இருக்கும். 'ஆப்ட் அப்டேட்' என்றால் அந்தக் களஞ்சியங்களில் என்னென்ன பதிப்பு இருக்கிறது என்ற விவரத்தை மட்டும் புதுப்பிக்கும். எதையும் நிறுவாது. பாதிப் பேர் அப்டேட் அடித்துவிட்டு எல்லாம் புதிதாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவார்கள். புதிய பதிப்புகள் உள்ளே வர 'அப்கிரேடு' என்று தனியாகச் சொல்ல வேண்டும். ('ஆப்ட்-கெட் மூ' என்று அடித்தால் எழுத்துகளால் வரைந்த மாடு ஒன்று வந்து, இன்றைக்கு மூ என்றீர்களா என்று கேட்கும். அலங்காநல்லூருக்கு இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு இதை ஒருமுறையாவது அடித்துப் பார்க்காமல் இருக்கக்கூடாது.)

'ஆப்ட் இன்ஸ்டால்' என்றதும் அது முதலில் எதையும் இறக்குவதில்லை. கணக்குப் போடுகிறது. கேட்டதற்கு என்ன வேண்டும், அதற்கு என்ன வேண்டும், ஏற்கெனவே உள்ளதோடு ஒத்துப்போகுமா, போகாவிட்டால் எதை எடுக்க வேண்டும். பொதுவாகப் பார்த்தால் இது லேசான கணக்கு இல்லை. பேக்கேஜும் பதிப்பும் கூடக் கூட வழிகள் கிளைத்துக்கொண்டே போகும். கணினியியலில் என்பி-முழுமை என்று ஒதுக்கிவைத்திருக்கும் கடினமான வகையில் சேர்ந்தது. போட்டு முடித்ததும் பட்டியல் தரும்: புதிதாக வருபவை, புதுப்பிக்கப்படுபவை, நீக்கப்படுபவை. அதன்பிறகுதான் தொடரலாமா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு முன்னால் இருக்கிற பட்டியலை யாரும் படிப்பதில்லை. ஒய் எழுத்தின்மேல் விரலைத் தயாராக வைத்துக்கொண்டே அடிக்கிறோம்.

2021-இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். அந்தச் சமயம் களஞ்சியத்தில் ஒரு பதிப்புக் குளறுபடி. ஸ்டீம் உள்ளே வரவேண்டுமானால் திரைமுகப்பையே நீக்க வேண்டும் என்று ஆப்டின் கணக்கு சொன்னது. அது சும்மா நீக்கிவிடவில்லை. அத்தியாவசியமானவை போகப் போகின்றன என்று எச்சரித்து, வெறும் ஒய் போதாது, 'ஆம், நான் சொன்னபடி செய்' என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக அடியுங்கள் என்று கேட்டது. அவர் அடித்தார். திரைமுகப்பு போய்விட்டது. இத்தனை பேர் பார்க்க நடந்ததால் அப்புறம் ஆப்டை இன்னும் கறாராக்கினார்கள். என்னைக் கேட்டால் கருவியின்மேல் குற்றமே இல்லை. அது தன்னால் முடிந்தவரை 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது.

"சரி மாமா, ஆப்ட் கறாருதான். பிப் எதுக்கு மறிக்குது?"

பிப் பைத்தானுக்கென்று 2008-இல் வந்தது. ரொம்ப காலம் அதற்கு மறுக்கத் தெரியாது. ஒரு தொகுப்பு 'இன்ன நூலகம் 2-க்கு மேல் வேண்டும்' என்கிறது, இன்னொன்று '2-க்குக் கீழ்தான் வேண்டும்' என்கிறது என்று வையுங்கள். பைத்தானில் ஒரு சூழலுக்குள் ஒரு நூலகத்தின் ஒரே பதிப்புதான் இருக்கலாம். ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் போல ஆளுக்கொரு பிரதி கொடுத்துச் சமாளிக்க வழியில்லை. பழைய பிப் முதலில் கண்ணில் பட்ட நிபந்தனையை எடுத்துக்கொண்டு அடுத்ததை விட்டுவிடும். வெற்றிகரமாக நிறுவியாயிற்று என்றும் சொல்லிவிடும். நிரல் ஓடும்போதுதான் குட்டு உடையும். 2020 நவம்பர் கடைசியில் வந்த 20.3 பதிப்பில்தான் ஒழுங்காகக் கணக்குப் போட்டு, ஒத்துவராவிட்டால் பின்வாங்கி வேறு பதிப்பை முயன்று, எதுவுமே ஒத்துவராவிட்டால் முடியாது என்று நிற்கக் கற்றுக்கொண்டது. அன்றைக்கு நிறையப் பேர் திட்டினார்கள். நேற்று வரை ஓடியதை இன்று மறுக்கிறதே என்று. நேற்று ஓடியதே அதிர்ஷ்டம்.

இவன் வாங்கிய மறுப்பு இதற்கு அடுத்த தலைமுறை. டெபியனில் உள்ள பல வேலைகளைப் பைத்தானே செய்கிறது. ஃபயர்வாலைக் கட்டும் யுஎஃப்டபிள்யூ, வெளிக் களஞ்சியம் சேர்க்கும் ஆட்-ஆப்ட்-ரெபாசிட்டரி இரண்டும் பைத்தானில் எழுதியவை. இவற்றுக்கு வேண்டிய நூலகங்களை எந்தப் பதிப்பில் வைக்க வேண்டும் என்பது ஆப்டின் கணக்கு. அதே பைத்தானுக்குள் சூப்பர் பயனர் அதிகாரத்தோடு பிப் ஒரு புதிய பதிப்பைக் கொண்டுபோய் வைத்தால், பைத்தான் பிப் வைத்ததைத்தான் முதலில் எடுக்கும். ஆப்டுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அதன் கணக்கில் எல்லாம் சரி. கணினி மட்டும் தகராறு செய்யும். ஒரே சமையலறையில் யார் பொறுப்பு என்று தெரியாத இந்த நிலையைத் தீர்க்கப் பைத்தான் சமூகம் பெப் 668 என்ற விதியை ஏற்றது. 'இந்தச் சூழலை வேறொரு கருவி நிர்வகிக்கிறது' என்று இயங்குதளம் ஒரு கோப்பை வைத்துவிட்டால் பிப் உள்ளே கை வைக்காது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அந்தக் கோப்போடுதான் வந்தது.

அப்படியானால் வழி? தனக்கென்று ஒரு சூழலைக் கட்டிக்கொள்வது. முதலில் ஆப்ட் மூலம் 'பைத்தான்3-வென்வ்' பேக்கேஜை நிறுவச் சொன்னேன். டெபியனில் அது தனியாக இருக்கிறது, பலர் இதைத் தவறவிட்டு இன்னொரு பிழையில் மாட்டுவார்கள். பிறகு புராஜெக்ட் அடைவுக்குள் போய் 'பைத்தான்3 -எம் வென்வ்' என்று அடித்து ஒரு பெயர் கொடுத்தால், அந்தப் பெயரில் ஓர் அடைவும் அதற்குள் தனிப் பைத்தான், தனிப் பிப் எல்லாமும் உண்டாகும். 'சோர்ஸ்' கட்டளையால் அதை உயிர்ப்பித்துவிட்டு, முன்பு மறுக்கப்பட்ட அதே வரியை அடிக்கலாம். அடித்தான், ஏறியது. கெட்டுப்போனால் அந்தச் சூழலின் அடைவை மட்டும் அழித்துவிட்டு மறுபடி கட்டலாம், கணினிக்கு ஒரு கீறலும் விழாது.

ஓப்பன்-தமிழை முன்னெடுத்தவர் முத்து அண்ணாமலை, எழில் நிரல்மொழியை உருவாக்கியவர். நிறுவும்போது அதன் பெயர் ஓப்பன்-தமிழ். நிரலுக்குள் அழைக்கும்போது வெறும் 'தமிழ்'. இந்த இரட்டைப் பெயர் வழக்கம் பைத்தானில் சகஜம். கவனம் தேவை, ஏனென்றால் பெயரைக் கொஞ்சம் மாற்றி அடித்தால் அந்தப் பெயரில் எவனோ பதிவேற்றியது வந்துவிடலாம். அதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. தொகுப்பின் பயனைப் பார்க்க ஊர்ப் பெயரையே கொடுத்தோம். 'ஆனையூர்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 7 என்கிறது, கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி. ஓப்பன்-தமிழ் ஆ, னை, யூ, ர் என்று பிரித்து 4 என்றது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை சொல்கிற விடை.

"மறுக்கிறதெல்லாம் நல்லதுக்குன்னா, அது 'சரி'ன்னு சொன்னா நம்பலாமா மாமா?"

நல்ல கேள்வி. முழுக்க நம்ப முடியாது. 2016 மார்ச் 22-ஆம் தேதி லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை அதை எழுதியவர் கோபத்தில் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். பேபல் போன்ற பெரிய பெரிய கருவிகளைக் கட்டமுடியாமல் உலகம் முழுக்க வேலை நின்றது. அதாவது பரவாயில்லை, இல்லை என்பது உடனே தெரிந்துவிட்டது.

2024-இல் நடந்தது வேறு ரகம். எக்ஸ்இசட் என்பது கோப்பைச் சுருக்குகிற கருவி. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் டெபியன் தன் எஸ்எஸ்ஹெச்சை, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நூலகத்தோடு இணைத்திருந்தது. அந்த நூலகம் எக்ஸ்இசட்டின் நூலகத்தை நம்பி நின்றது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருஷத்துக்கும் மேல் பொறுமையாக உழைத்து, எக்ஸ்இசட்டைப் பராமரிக்கும் பொறுப்பில் இடம்பிடித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வைத்தார். கையெழுத்து சரி, பதிப்பு எண் சரி, டிபென்டன்சிகள் சரி. பேக்கேஜ் கருவிகள் எதற்கும் மறுக்கக் காரணமே இல்லை. டெபியனின் சோதனைக் கிளைகள் வரை போய்விட்டது. நிலையான பதிப்புக்குள் வரவில்லை. பிடித்தது கருவி இல்லை, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டு என்ற மனிதர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள வேலையாக எதையோ அளந்துகொண்டிருந்தவர், எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று குடைந்து, மார்ச் 29 அன்று வெளியிட்டார். அரை வினாடியை நானாக இருந்தால் நெட்டின்மேல் போட்டுவிட்டு அடுத்த டீ சொல்லியிருப்பேன்.

பையனுக்கு இதில் ஆர்வம் கூடிப்போய், எல்லாவற்றையும் இப்போது இருக்கிற பதிப்பிலேயே பூட்டிவைக்க முடியுமா என்றான். முடியும். 'பிப் ஃப்ரீஸ்' என்றால் அந்தச் சூழலில் இருக்கிற தொகுப்புகளை இன்ன பதிப்பு என்று எண்ணோடு பட்டியலிடும். அதை 'ரெக்வயர்மென்ட்ஸ்' கோப்பில் சேமித்து நிரலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணையும் எழுதிவைத்தால், களஞ்சியத்தில் யாராவது கோப்பை மாற்றியிருந்தால் பிப் மறுபடியும் முடியாது என்றுவிடும். கல்லூரிப் புராஜெக்டுக்கு அவ்வளவு வேண்டாம், பட்டியல் போதும். அது இல்லாமல் போனால் வைவா அன்று லேப் கணினியில் வேறு பதிப்பு ஏறி, "என் மெஷின்ல ஓடுச்சு மேடம்" என்று நிற்க வேண்டிவரும். மேடம் அதை வருஷா வருஷம் கேட்டிருப்பார்.