பேஸ்புக்கில் போட்டாலும் கடை கடைதான்

கட்டுகஸ்தோட்டையில் வீட்டில் கேக் செய்து விற்கிறவர்கள், கம்பளையிலிருந்து சேலை அனுப்புகிறவர்கள், அக்குறணையில் கராம்பும் சாதிக்காயும் பைக்கட் போட்டு விற்கிறவர்கள் என்று கண்டியைச் சுற்றி பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் வியாபாரம் செய்கிறவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் பலர் ஒரே மாதிரியான சிக்கலில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். சாமான் போய்விட்டது, பணம் வரவில்லை. பக்கத்தை யாரோ பறித்துக்கொண்டான். வாங்கியவர் முறைப்பாடு கொடுத்துவிட்டார். "பிஸ்னஸ் பதிந்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், "இது சும்மா வீட்டில இருந்து செய்யிறதுதானே" என்ற பதில் வருகிறது.

சட்டத்துக்கு அது சும்மா அல்ல. ஒப்பந்தம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காகவே அதைச் செல்லாது என்று தள்ள முடியாது என 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் சொல்கிறது. வட்ஸ்அப்பில் விலை பேசி "சரி, அனுப்புங்க" என்று முடிப்பதும் ஒப்பந்தம்தான். அது உங்களையும் கட்டும், வாங்குகிறவரையும் கட்டும்.

முதலில் பெயர்ப் பதிவு. உங்கள் சொந்தப் பெயரை முழுமையாகப் போட்டு, வேறு எதுவும் சேர்க்காமல் விற்றால் இது தேவையில்லை. 'கலெக்ஷன்', 'ஹோம் பேக்கர்ஸ்' என்று ஒரு சொல் சேர்ந்தாலே பதிய வேண்டும். 1918ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தின் வழி வந்த விதி இது. தொடங்கி 14 நாட்களுக்குள் பதியச் சொல்கிறது. பதியாமல் விட்டால் தண்டம் மட்டும் என்று நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய அடி வேறு: பதிவைத் தவறவிட்டவர், அந்த வியாபாரத்தில் தனக்கு வரவேண்டிய பணத்துக்காக வழக்குப் போடும் உரிமையை இழந்து நிற்கிறார். பிறகு நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்கலாம். ஆனால் பத்தாயிரம் ரூபாய்ச் சேலைக்காக யார் அவ்வளவு தூரம் ஏறி இறங்குவது?

பதிவது பிரதேச செயலகத்தில். கண்டி என்று முகவரி எழுதுகிற எல்லோருக்கும் செயலகம் ஒன்றல்ல. நகரத்துக்குக் கங்கவட்ட கோரளை, குண்டசாலை, யட்டிநுவர, ஹாரிஸ்பத்துவ, அக்குறணை எல்லாம் தனித்தனி, கம்பளைக்காரருக்கு உடபலாத்த. வியாபாரம் நடக்கிற இடம் எந்தக் கிராம சேவகர் பிரிவில் இருக்கிறதோ அதை வைத்தே செயலகம் தீர்மானமாகும். ஆகவே கிராம சேவகரிடம் முதலில் போங்கள். வியாபாரம் அந்த முகவரியில் நடக்கிறது என்ற அவருடைய சான்று, தேசிய அடையாள அட்டைப் பிரதி, நிரப்பிய விண்ணப்பப் படிவம், இடத்துக்கான ஆவணம் ஆகியவை வேண்டும். அதிகம் பேர் திரும்பி வருவது இந்தக் கடைசி ஆவணத்தில்தான். வீடு அம்மாவின் பெயரில் இருந்தால் உறுதியின் பிரதியோடு, இந்த இடத்தில் வியாபாரம் நடத்தத் தனக்கு ஆட்சேபனை இல்லை என்று அம்மா கையொப்பமிட்ட கடிதமும் கொண்டு போங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தப் பிரதியும் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் வேண்டும். சாப்பாட்டுச் சாமான் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையும் சேரும். அவரைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காணலாம். கேக், தூள் வகை, அச்சாறு விற்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். உணவுச் சட்டம் வீட்டு அடுப்புக்கு விலக்குத் தரவில்லை.

ஒவ்வொரு தடவையும் "இன்னொரு கடதாசி குறையுது" என்று மக்களை ஏற்றி இறக்குகிற அலுவலர்கள் இருக்கிறார்கள். "வீட்டில செய்யிற ஒன்லைன் வேலைக்குப் பதிவு இல்லை" என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் நாளே தேவையான ஆவணங்களின் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பாதிக் கடதாசி தேவையில்லாமல் போய்விடும். கம்பனியாகப் பதிந்து தருகிறோம் என்று காசு கேட்கும் தரகர்களிடம் போகாதீர்கள். கம்பனி என்றால் செயலாளர் வேண்டும், வருடாந்த அறிக்கை வேண்டும். ஒருவர் நடத்துகிற சின்னக் கடைக்கு அந்தச் சுமை எதற்கு?

சான்றிதழ் கிடைத்ததும் அதைக் கொண்டு வங்கியில் வியாபாரக் கணக்குத் திறவுங்கள். இறைவரித் திணைக்களத்தின் டின் (வரி செலுத்துவோர் அடையாள) இலக்கமும் எடுங்கள். டின் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்று பயந்து ஒதுங்குகிறார்கள். இரண்டும் வேறு வேறு. 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வருமான வரி விலக்கு உண்டு. கார்ட் மூலம் பணம் பெற விரும்பினால், பதிவுள்ள வியாபாரத்துக்குச் சேவை தரும் கட்டண நுழைவாயில் நிறுவனத்தோடு இணையுங்கள். கார்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிற விற்பனையாளர்களைப் பார்த்திருக்கிறேன். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்தப் படம் உங்கள் போனில் இருக்கும்வரை, அந்தக் கார்டில் நடக்கிற திருட்டுக்குச் சந்தேகம் உங்கள்மேலும் விழும்.

இனி, நான் அதிகம் பயப்படுகிற விடயம். சிலிப் பணமல்ல. வட்ஸ்அப்பில் வருகிற வங்கிச் சிலிப்பில் பச்சை நிறச் சரி அடையாளம் இருக்கும், குறிப்பு இலக்கம் இருக்கும், உங்கள் பெயரும் தொகையும் சரியாக இருக்கும். இவற்றை மாற்றிக் கீறக் கைத்தொலைபேசி ஒன்று போதும். காசோலையை இயந்திரத்தில் போட்டு அந்தச் சிலிப்பை அனுப்புகிறவனும் உண்டு. காசோலை இரண்டு நாளில் திரும்பும். நாளைய திகதிக்குப் பணமாற்றம் குறித்துவிட்டு, பார்சல் கிளம்பியதும் ரத்துச் செய்கிறவனும் உண்டு. உங்கள் வங்கி அப்பைத் திறந்து, கணக்கில் எடுக்கக்கூடிய மீதியாகப் பணம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மட்டும் அனுப்புங்கள். "அண்ணா, டிலிவரிப் பையன் வாசலில நிக்கிறான்" என்று அவசரப்படுத்தினாலும் பொறுங்கள். திரும்பவும் சொல்கிறேன், சிலிப் பணமல்ல.

அதே போல, உங்கள் கணக்கில் வேறொருவரின் பணம் வந்து போக விடாதீர்கள். "உங்கட அக்கவுண்டுக்குப் போடுறன், கமிஷன் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புங்க" என்று கேட்கிறவன் எங்கோ ஒருவரை ஏமாற்றிய பணத்தைத்தான் அனுப்புகிறான். பொலிஸ் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரை. பல்கலைக்கழக மாணவர்கள்கூட இதில் விழுகிறார்கள்.

பில் கொடுங்கள். பெயர், பதிவிலக்கம், முகவரி, திகதி, பொருள், விலை எல்லாம் அதில் இருக்கட்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை ஒன்லைன் விற்பனைக்கும் பொறுப்பு. பொய்யான வர்ணனையும் ஏமாற்றும் விளம்பரமும் குற்றம். வாங்கியவர் அந்தச் சபையின் 1977க்கு அழைத்தால், அதிகாரி கேட்கும்போது காட்ட உங்களிடம் ஒன்றாவது இருக்க வேண்டும். 'பட்டு' என்று போட்டுப் பொலியெஸ்டர் அனுப்புகிறவர்களுக்கு என் அனுதாபம் இல்லை.

பக்கம் பறிபோவதற்கு வருவோம். "உங்கள் பக்கம் பதிப்புரிமையை மீறியுள்ளது, 24 மணித்தியாலத்தில் நீக்கப்படும்" என்று ஒரு லிங்க் வரும். அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் பக்கம் போய்விடும். வட்ஸ்அப்பில் "பிழையா உங்கட நம்பருக்கு ஆறு இலக்கக் கோட் வந்திட்டுது, சொல்லுங்க" என்று தெரிந்தவர் பெயரிலேயே கேட்பார்கள். அந்தக் கோட்டை யாருக்கும் சொல்லாதீர்கள். இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். பக்கத்துக்கு நம்பிக்கையான இரண்டாவது நிர்வாகி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டால் வரிசை முக்கியம். முதல் அழைப்பு வங்கிக்கு, அந்த நிமிடமே. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வைத்துவிட்டு, கிளையில் கடிதமும் கொடுங்கள். வங்கி அசையாவிட்டால் மத்திய வங்கியின் 1935. பக்கம் பறிபோனால், கணினி அவசரப் பதிலளிப்பு அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101. அடுத்து உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம். கோபத்தில் ஏமாற்றியவனை பிளொக் பண்ணி அரட்டையை அழித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். அதோடு சாட்சியும் அழிந்தது. அரட்டையை முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். பேஸ்புக் பெயர் நாளைக்கே மாறும், ஆகவே அந்தப் பக்கத்தின் முகவரி வரியையும் பிரதி எடுத்து வையுங்கள்.

"இது சிவில் பிரச்சினை, கொழும்புக்குப் போங்க" என்று நிலையத்தில் சொல்லக்கூடும். தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு ஏமாற்றுதலைக் குற்றமாக வரையறுக்கிறது. கணக்கைத் திருடியது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்துக்குள் வரும். இரண்டையும் சொல்லி முறைப்பாட்டைப் பதியச் சொல்லுங்கள். பதிவிலக்கமும் திகதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். கண்டியிலும் தமிழில் முறைப்பாடு கொடுக்க அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. சிங்களத்தில் எழுதி நீட்டினால், வாசித்து விளங்கும்வரை கையொப்பம் போடாதீர்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்றால், எப்போது வருவார் என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். முறைப்பாட்டில் தொகையும் கணக்கு இலக்கமும் ஒரு எழுத்துப் பிசகினாலும் வங்கி விபரம் எடுப்பது அங்கேயே நின்றுவிடும்.