வெறும் மேடுதானே, அதுக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு?

குலசேகரம் பக்கத்தில் இருக்கும் சிதறால் மலைக்குப் போனால், தொல்லியல் துறை எதைப் பாதுகாக்குதுன்னு கேட்கவே வேண்டாம். பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் கண் முன்னாடியே இருக்கு. ஆனால் தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் அதே துறை பாதுகாப்பது 114 ஏக்கர் மேட்டு நிலம். பார்த்தால் "காலி இடம்தானே"ன்னுதான் தோணும்.

மண்ணுக்கு அடியில் என்ன?

தாமிரபரணிக் கரையில் உள்ள இந்தப் பரம்பு, இரும்புக் கால மக்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். 1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. 1899-ல் தொடங்கிய அலெக்சாண்டர் ரீயின் அகழாய்வில் தங்கப் பட்டங்களும் வெண்கலப் பொருட்களும் கிடைத்தன. 2004-05-ல் 150-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அந்த மக்கள் வாழ்ந்த இடத்தைத் தேடி, 2020-ல் மாநில தொல்லியல் துறையும் இங்கே தோண்டியது.

ஏன் தொடக்கூடாது?

ஒரு பானை ஓடு எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் அதன் காலத்தைச் சொல்லும். ஒரு தடவை ஜேசிபி இறங்கினால் மண் அடுக்குகள் கலந்துவிடும். ஓடு கையில் இருக்கும், அதன் கதை போயிருக்கும். 2023 ஆகஸ்டில் திறந்த களக் காட்சியகத்தில் தாழிகளை எடுத்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டதும் இதனால்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டணும். 2010 சட்டத் திருத்தம் வைத்த விதி இது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அங்கேயே குடியிருப்பவர்கள்?

சிக்கல் இங்கேதான். 100 மீட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம், ஆனால் அதற்கும் அனுமதி வேணும். பிள்ளைக்குப் புது வீடு கட்ட முடியாது. பழைய ஊரைக் காப்பதன் சுமை இன்றைய ஊர்க்காரர்கள் தலையில்தான் விழுது.

உங்க நிலத்தில் ஏதாவது கிடைத்தால்?

தோண்டுவதை அங்கேயே நிறுத்துங்க. போட்டோ எடுங்க, பொருளை அசைக்காதீங்க. விஏஓ அல்லது தாசில்தாரிடம் சொல்லுங்க. புதையலாக இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிப்பது 1878-லிருந்தே சட்டப்படி கட்டாயம்.